பலகை இல்லாத கடை

ஜப்பானின் ஷிகோகு தீவில், ககாவா மாகாணத்தின் தெற்கு மலைப்பக்கம், மன்னோ என்ற ஊரில் ஓர் அரிசிக் கடை இருக்கிறது. தனிகாவா பெய்கொக்குதென் என்று பெயர். தனிகாவா அரிசிக் கடை என்பதுதான் அதற்குப் பொருள். மதியத்தை ஒட்டி அதன் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அரிசி வாங்க வந்தவர்கள் அல்லர். உள்ளே நுழைந்ததும் வெந்த வெள்ளை நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டுக் கையில் தருவார்கள். சூப் கிடையாது. மேசைமேல் சோயா சாஸ், வினிகர், அரிந்த வெங்காயத்தாள், பச்சை மிளகாயைச் சுண்டவைத்த ஒரு தொக்கு. வேண்டுமானால் ஒரு முட்டை. தானே ஊற்றி, தானே கலந்து, ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

வெளியூரிலிருந்து போகிறவருக்கு இப்படி ஒரு கடை கண்ணில் படுவது பெரிய சந்தோஷம். யாருக்கும் தெரியாத ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு கிளர்ச்சி. பக்கத்து வீட்டுக்காரருக்கோ அது தாத்தா காலத்திலிருந்து சாப்பிடும் இடம். இந்த இரண்டு பார்வைகளும் ஒரே கிண்ணத்தின் மேல் சந்தித்ததில்தான் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ககாவாவின் கதை மாறிப்போனது.

நூடுல்ஸின் பெயர் உடோன். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் என்று மூன்றே பொருள்களில் செய்வது. சுண்டுவிரலில் பாதி கனம் இருக்கும். வெட்டிய ஓரங்கள் கூர்மையாக, பளபளவென்று இருக்கும். ககாவாவின் பழைய பெயர் சானுகி என்பதால் இதைச் சானுகி உடோன் என்கிறார்கள். ஜப்பானின் 47 மாகாணங்களில் பரப்பளவில் மிகச் சிறியது ககாவா, ஏறத்தாழ 1,877 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டவில்லை. அதற்குள் 500க்கும் மேற்பட்ட உடோன் கடைகள். வயல் நடுவே, கோயில் சந்தில், ஆற்றங்கரைக் கொட்டகையில், பெட்ரோல் பங்கை ஒட்டி என்று எங்கே பார்த்தாலும் ஒன்று.

ஏன் இங்கே மட்டும் இத்தனை என்று கேட்டால், மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

வடக்கே கடலுக்கு அப்பால் ஒரு மலைத்தொடர், தெற்கே ஷிகோகுவின் மலைகள். மழைக்காற்றை இரண்டும் வழியிலேயே மடக்கிவிடுகின்றன. மாகாணத் தலைநகர் தகாமட்சுவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,150 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. நாட்டின் சராசரியோ சுமார் 1,700. ஆறுகளும் குட்டையானவை, மலையில் பெய்தது சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். அதனால் சானுகி மக்கள் ஏரி வெட்டினார்கள். சமவெளி முழுக்க இன்றும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஏரி குளங்கள். பரப்பளவோடு ஒப்பிட்டால் ஜப்பானில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இல்லை. அவற்றில் மிகப் பெரியது மன்னோ ஏரி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது. 818-இல் கரை உடைந்தது. அரசு அனுப்பிய அதிகாரிகளால் அடைக்க முடியவில்லை. 821-இல் அந்த மண்ணில் பிறந்த பௌத்தத் துறவி கூகாயை அனுப்பினார்கள். அவர் வந்தார் என்றதும் ஊர் ஊராக ஆட்கள் மண்வெட்டியோடு திரண்டார்கள், மூன்று மாதத்துக்குள் கரை எழுந்தது என்பது வரலாறு. தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும்படி உட்பக்கம் வளைந்த கரை அது.

இதே கூகாய்தான் உடோனையும் கொண்டுவந்தார் என்று ககாவாவில் குழந்தைகூடச் சொல்லும். அவர் 804-இல் சீனாவுக்குப் போய் 806-இல் திரும்பியது உண்மை. திரும்பும்போது மாவு பிசையும் கலையையும் கூடவே கொண்டுவந்தார், அதை அவருடைய சீடரும் சகோதரி மகனுமான சிசென் கற்றுக்கொண்டு தாய் தந்தையருக்குச் செய்து கொடுத்தார் என்று அயகாவா என்ற ஊரில் சொல்கிறார்கள். கோதுமை அரைக்கும் நீராலைகள் ஒரு காலத்தில் அந்த ஊர் ஆற்றங்கரையில் சுழன்றுகொண்டிருந்தன. ஆனால் கூகாய் உடோனைக் கொண்டுவந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. ஏரியைக் கட்டினார் என்பதற்கு உண்டு. உடோனின் வரலாற்றுக்கு அந்த ஏரியே போதும் என்று தோன்றுகிறது. கோடையில் ஏரித் தண்ணீரை வைத்து ஒரு போகம் நெல். அறுப்பு முடிந்து மதகை மூடிய பிறகு, காய்ந்த வயலில் குளிர்காலக் கோதுமை. கதிர் முற்றும்போது மழை கூடாது என்பது கோதுமையின் குணம். சானுகியின் வறண்ட வானம் அதற்குத் தோதாக அமைந்தது. வரி அரிசியாகப் போனது. கோதுமை வீட்டில் தங்கியது.

தங்கிய கோதுமையும் சாதாரணமானது அல்ல. ஒசாகாவைச் சேர்ந்த மருத்துவர் தெராஜிமா ரியோஆன் 1712-இல் தொகுத்து முடித்த படக் கலைக்களஞ்சியம் ஒன்று, கோதுமை எல்லா நாட்டிலும் விளைந்தாலும் சானுகியின் மருகமே பகுதிக் கோதுமைதான் உயர்ந்தது என்று குறித்து வைத்திருக்கிறது.

மற்றவையும் பக்கத்திலேயே கிடைத்தன. செத்தோ உள்கடலின் கரை ஆழமில்லாதது, வெயில் அதிகம். உப்பளத்துக்கு ஏற்ற இடம். 1829-இல் கூமே ட்சூகென் என்ற நில அளவையாளர் சகாய்தே கரையில் பெரிய உப்பளம் ஒன்றைக் கட்டி முடித்தார். உப்பு, சர்க்கரை, பருத்தி மூன்றையும் ‘சானுகியின் மூன்று வெள்ளைகள்’ என்று பேசும் அளவுக்கு உப்பு வணிகம் வளர்ந்தது. எதிரே ஷோதோஷிமா தீவில் நானூறு ஆண்டுகளாக மரத்தொட்டிகளில் சோயா சாஸ் ஊறுகிறது. மேற்கே இபுகி என்ற சிறு தீவில் நெத்திலி. பிடித்த கையோடு கரையில் இறக்கி, அவித்து, உலர்த்திவிடுவார்கள். தலையோடும் குடலோடும் காய்ந்த அந்த நெத்திலிக் கருவாட்டுக்கு இரிகோ என்று பெயர். உடோன் சூப்பின் வாசனை அதிலிருந்துதான் வருகிறது. தோக்கியோவில் நூடுல்ஸ் சூப்புக்குச் சூரை மீன் துருவல், சானுகியில் நெத்திலி. பார்க்கத் தெளிந்த பொன் நிறம். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனால் கடற்கரை மணக்கும்.

உடோன் கடை என்ற ஒன்று இங்கே இருந்ததற்குக் கண்ணால் காணக்கூடிய பழைய சான்று ஒரு ஓவியத்தில் கிடைக்கிறது. கொதொஹிரா ஊரின் மலைமேல் கொன்பிரா கோயில். கடலோடிகளைக் காக்கும் தெய்வம். கருவறைக்குப் போக 785 படிகள் ஏற வேண்டும். அந்தக் கோயிலின் திருவிழாவைக் கனோ கியோநொபு என்ற ஓவியர் ஒரு மடிப்புத் திரையில் வரைந்தார். காலம் 1688க்கும் 1704க்கும் இடைப்பட்டது. ஊர்வலம், கூத்துக் கொட்டகை, நெரியும் கூட்டம். அதற்கு நடுவே தெருவோரத்தில் மூன்று உடோன் கடைகள். ஒரு கடையில் ஆள் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். படியேறிக் களைத்த யாத்திரிகருக்குச் சுடச்சுட ஒரு கிண்ணம் என்ற ஏற்பாடு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நடந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர் சானுகிக்கு வந்து உடோன் சாப்பிடுவது நம் காலத்துச் சுற்றுலாவில் தொடங்கியது என்று நினைத்தால், அந்தத் திரையை ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஆனால் கடையைவிட வீடுதான் பெரிய உடோன் கூடம். நாற்று நட்டு முடிந்த கையோடு, ஜூலை 2-ஐ ஒட்டிய நாளில், புதிதாக அறுத்த கோதுமையை அரைத்து உடோன் செய்து, வயலில் இறங்கிய அத்தனை பேருக்கும் போடுவது வழக்கம். 1980-இல் ககாவாவின் நூடுல்ஸ் தயாரிப்பாளர் கூட்டுறவு சங்கம் அந்த நாளையே உடோன் தினமாக அறிவித்தது. இறந்தவருக்குச் செய்யும் திதி விருந்தில் முதலில் வருவது உடோன். சில பகுதிகளில் புது வீடு கட்டிக் குடிபோனால், புதுக் குளியல் தொட்டியில் முதன்முதலாக இறங்கும் பெரியவர் தண்ணீரில் உட்கார்ந்தபடியே ஒரு கிண்ணம் உடோன் சாப்பிடுவார். நூடுல்ஸ்போல ஆயுசும் நீள வேண்டும் என்ற வேண்டுதல். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வீட்டுக்குள்ளேயே செய்து பழகிய பண்டம் என்பதால், யாரும் அதை விசேஷமாக நினைக்கவில்லை, விளம்பரப்படுத்தவும் இல்லை.

செய்முறை பார்வைக்கு எளிது, கைக்குக் கடினம். மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துப் பிசிறுகிறார்கள். உதிரியாக இருக்கும் மாவைத் திரட்டி, விரிப்பில் சுற்றித் தரையில் போட்டு, குதிகாலால் மிதிக்கிறார்கள். மிதித்து மடித்து, மறுபடி மிதித்து, ஊற விடுகிறார்கள். உப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. ‘வெயிலுக்கு மூன்று, குளிருக்கு ஆறு, மற்ற நாளுக்கு ஐந்து’. கொளுத்தும் கோடையில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர். நடுங்கும் குளிரில் அதே உப்புக்கு ஆறு கிண்ணம். வெயில் ஏற ஏற மாவு தளர்ந்து இளகும். உப்பு அதை இறுக்கிப் பிடிக்கும். குளிரில் மாவு தானாகவே விறைத்துக்கொள்வதால் உப்பைக் குறைக்கலாம். போட்ட உப்பில் பெரும்பகுதி வேகும்போது கொதிநீரில் இறங்கிவிடுவதால் நாக்குக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வானிலையைத் தோலால் உணர்ந்து உப்பைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்தவரே அங்கே கைதேர்ந்தவர்.

இத்தனை பாடும் ‘கொஷி’க்காக. கொஷி என்றால் ஜப்பானிய மொழியில் இடுப்பு. உடோனுக்கு இடுப்பு இருக்கிறது என்றால், கடிக்கும்போது முதலில் வழிவிட்டு, உள்ளே எதிர்த்து நின்று, பிறகு அறுபடும் என்று அர்த்தம். கட்டை மாதிரி கடினம் என்பது வேறு, கொஷி வேறு. அந்த நயம் கொஞ்ச நேரத்துக்குத்தான். வெந்து அரைமணி நேரம் தாண்டினால் நூடுல்ஸ் மெதுவாகத் தளரத் தொடங்கிவிடும். எனவே சானுகிக்காரர் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கமாட்டார். நின்றபடியோ, வாசல் திண்ணையில் குந்தியபடியோ சரசரவென்று உறிஞ்சுவார். பல் அதிகம் வேலை செய்யாது. தொண்டையில் வழுக்கி இறங்கும்போது கிடைக்கும் சுகத்தைத்தான் அவர் தேடி வந்திருக்கிறார்.

இனி பெயர்ப்பலகை விஷயம். சானுகியில் வெளியூர்க்காரரைத் திகைக்க வைத்த கடைகளில் பல, தொடக்கத்தில் கடையே அல்ல. அவை நூடுல்ஸ் பட்டறைகள். விடியும் முன்பே அடுப்பு மூட்டி, உடோனை வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஓர் ஆள் ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவாகச் சுருட்டி மரப்பெட்டிகளில் அடுக்குவார்கள். அந்தச் சுருளுக்குத் ‘தமா’, பந்து என்று பெயர். பெட்டிகள் பள்ளிக்கூடத்துக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் போகும். விவசாயி தன் கோதுமையைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக நூடுல்ஸ் வாங்கிக்கொள்வதும் நடந்தது. அக்கம்பக்கத்தவர் சிலர் வீட்டிலிருந்து கிண்ணமும் சோயா சாஸும் எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கே வந்தார்கள். ‘இப்போது எடுத்த பந்தில் ஒன்றைப் போடுங்கள்’ என்று வாங்கி, மூலையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாளடைவில் பட்டறைக்காரர் ஒரு பெஞ்சு போட்டார், பிறகு சூப் ஒரு பானை வைத்தார். வருகிறவர் எல்லோரும் தெரிந்த முகங்கள். யாருக்காகப் பலகை மாட்டுவது?

தானே எடுத்துச் சாப்பிடும் முறையும் அங்கிருந்துதான் வந்தது. இன்றும் பல கடைகளில் வாடிக்கையாளர் வரிசையில் நின்று ‘ஒரு பந்து’, ‘இரண்டு பந்து’ என்று சொல்கிறார். கிண்ணத்தில் விழுந்த பந்தை நீண்ட கைப்பிடி போட்ட வடிகூடையில் இட்டு, கொதிக்கும் தொட்டியில் பத்து இருபது விநாடி தானே அலசிச் சூடேற்றுகிறார். உதறி நீர் வடித்து, சூப் அண்டாவின் குழாயைத் திருப்பிப் பிடிக்கிறார். மேலே வெங்காயத்தாள், துருவிய இஞ்சி, எண்ணெயில் பொரிந்த மாவுப் பூந்தி. முதன்முறை வருகிறவருக்கு வடிகூடையை உதறும் இடத்தில்தான் கை தடுமாறும். பின்னால் நிற்கும் பாட்டி ஒன்றும் பேசாமல் கையை நீட்டி, ஒரே உதறில் காட்டிக் கொடுத்துவிடுவார்.

கடலைக் கடந்துபோன சானுகிக்காரர்களுக்கு உடோன் என்றால் ஒரு கப்பல். 1910 முதல் எதிரே ஹொன்ஷூ தீவின் ஊனோ துறைமுகத்திலிருந்து தகாமட்சுவுக்கு ரயில்வேயின் கப்பல்கள் ஓடின. ஒரு மணி நேரப் பயணம். 1969-இல் கப்பலின் மேல்தளத்தில் உடோன் விற்கத் தொடங்கினார்கள். ஒசாகாவிலோ தோக்கியோவிலோ வேலை பார்ப்பவர், புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் திரும்புவார். ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலுக்கு ஓடி, பெட்டியை வைத்துவிட்டு மேல்தளத்து வரிசைக்கு ஓடுவார். சானுகிக்காரரின் நாக்குக்கு அந்த உடோன் பிரமாதம் இல்லை. வெந்து நேரமான பந்துகள். ஆனால் கடல்காற்றில் ஆவி பறக்கும் அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியதுமே ஊர் வந்துவிட்டதாக நெஞ்சு நிறையும். அந்தக் கப்பல்களுக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1955 மே 11 அன்று மூடுபனியில் ஷியுன் மரு என்ற கப்பல் மோதி மூழ்கி 168 பேர் இறந்தார்கள். பலர் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள். கடலுக்கு மேல் பாலம் வேண்டும் என்ற குரல் அதிலிருந்து வலுத்தது. 1988 ஏப்ரலில் செத்தோ பெரும்பாலம் திறந்தது. அந்தக் கப்பல்களும் அவற்றோடு மேல்தளத்து உடோனும் விடைபெற்றன.

பாலத்துக்கு முன்பே சானுகியின் வயலில் ஒரு மாற்றம் நடந்து முடிந்திருந்தது. 1963-இல் அறுப்புக் காலத்தில் விடாமல் பெய்த மழை ஜப்பானின் கோதுமையை அழுகவைத்தது. நொந்துபோன விவசாயிகள் பலர் கோதுமையைக் கைவிட்டார்கள். தொழிற்சாலை வேலை கூப்பிட்ட காலம் வேறு. கலைக்களஞ்சியம் புகழ்ந்த மருகமே கோதுமையின் இடத்துக்கு ஆஸ்திரேலியக் கோதுமை வந்தது. வெள்ளை வெளேரென்ற மாவு, நல்ல இழுவை, ஆண்டு முழுக்க ஒரே தரம். இன்று உலகமே பாராட்டும் கொஷியின் பெரும்பங்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் வயல்களில் விளைகிறது என்பதை ககாவா மறைப்பதில்லை. அதே சமயம் அதை அப்படியே விட்டுவிடவும் மனசில்லை. மாகாண வேளாண் ஆய்வாளர்கள் பல ஆண்டு உழைத்து உடோனுக்கென்றே ஒரு கோதுமை ரகத்தை உருவாக்கினார்கள். ‘சானுகியின் கனவு 2000’ என்று பெயர் வைத்தார்கள். அதன் மாவு பிசையச் சற்றுப் பிடிவாதம் காட்டும் என்று கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்வதுண்டு. வாசனை உண்டு, நிறம் சற்றே மங்கல் மஞ்சள். பிறகு 2009-இன் பெயரைத் தாங்கிய அடுத்த ரகம் வந்தது. இப்படிப் பெயர் சூட்டிப் பயிரை வளர்க்கும் ஊர் மேல் மரியாதை வராமல் இருக்காது.

இந்தப் பின்னணியில்தான் ஒரு பத்திரிகையாசிரியர் வருகிறார். தாஓ கஸுதோஷி. தகாமட்சுவிலிருந்து வந்துகொண்டிருந்த உள்ளூர்த் தகவல் மாத இதழுக்கு ஆசிரியர். 1980களின் இறுதியில் அந்த இதழில் உடோன் கடைகளைத் தேடிப் போகும் ஒரு தொடர் பத்தி தொடங்கியது. நகரத்துப் பெரிய உணவகங்களை அது கண்டுகொள்ளவில்லை. வயலுக்கு நடுவே, பலகை இல்லாத, கதவைத் திறந்தால் வீடா கொட்டகையா என்று சந்தேகம் வரும் இடங்களையே தேடியது. வழி சொல்லும் முறையே தனி. ‘இந்தக் குளத்தைத் தாண்டி, அந்தப் புகைபோக்கியைப் பார்த்துத் திரும்பி, நாய் குரைத்தால் சரியான இடம்’ என்ற தோரணை. வாசகர்கள் தங்கள் ஊர்க் கொட்டகைகளைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள். 1993-இல் தொடர் ‘பயங்கரமான சானுகி உடோன்’ என்ற பெயரில் புத்தகமானது. ககாவாக்காரர்களே அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் சொந்த மாகாணத்தைச் சுற்றத் தொடங்கினார்கள். பக்கத்து ஊரில் இருபது ஆண்டாக இருக்கும் பட்டறையை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தவர்கள் ஏராளம்.

எழுத்தாளர் ஹருகி முரகாமியும் ஓவியர் அன்சாய் மிஸுமருவும் இதே பாதையில் சுற்றினார்கள். 1998-இல் வந்த முரகாமியின் பயண நூலில் சானுகி உடோனுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் வரும் கடைகளில் ஒன்று மருகமே பக்கத்து நகமுரா. கோழிக்கொட்டகை போன்ற ஒரு சிறு கூரை. அப்போது அங்கே வெங்காயத்தாள் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், பின்னால் வயலில் இருக்கிறது, போய்ப் பறித்து வந்து நீங்களே அரிந்துகொள்ளுங்கள் என்பார்களாம். அந்தச் செய்தி ஜப்பான் முழுக்கப் பரவிவிட்டது. கத்தியும் வெட்டுப்பலகையும் வாடிக்கையாளர் கையில்! நகரத்து வாசகருக்கு அது அதிசயமாகப் பட்டது. ஊர்க்காரருக்கு, பக்கத்து வீட்டில் சாப்பிடப் போனவர் ஒரு கை உதவி செய்வது எப்படியோ, அப்படி. இப்படி இன்னும் பல. சகாய்தேயின் ஹினோதே பட்டறை பெட்டி பெட்டியாக நூடுல்ஸ் அனுப்பும் இடம். நடுப்பகலில் ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட விடுவார்கள். மேசைமேல் கத்தரிக்கோல் வைத்திருப்பார்கள், வெங்காயத்தாளைத் தானே நறுக்கிக்கொள்ளலாம். அயகாவாவின் யமகோயே கடையில்தான், கொப்பரையிலிருந்து எடுத்த சூட்டோடு பச்சை முட்டையைப் புரட்டும் ‘கமதமா’ தொடங்கியது என்பார்கள். அலசாத நூடுல்ஸின் சூட்டில் முட்டை பாதி வெந்து, இழை இழையாக ஒட்டிக்கொள்ளும்.

புத்தகம் கிளப்பிய ஆர்வத்தைப் பாலம் சுமந்து வந்தது. 2000க்குப் பிறகு கூட்டம் பெருகியது. தகாமட்சுவில் 2000-இல் தொடங்கிய ஹனமரு உடோன் 2002-இல் தோக்கியோவின் ஷிபுயாவில் கடை திறந்து, ஒரு சிறு கிண்ணத்தை 100 யென்னுக்குக் கொடுத்தது. மருகமேயின் பெயரைத் தாங்கிய இன்னொரு சங்கிலிக் கடை அடுத்த கரையில் ஹியோகோ மாகாணத்தில் பிறந்து இன்று பல நாடுகளில் இருக்கிறது. 2006-இல் மருகமேயில் பிறந்த இயக்குநர் மொதொஹிரோ கத்சுயுகி ‘உடோன்’ என்ற பெயரிலேயே படம் எடுத்தார். ஒரு பட்டறைக்காரரின் மகன் ஊர் திரும்பும் கதை. 2009-இல் விடுமுறை நாள் நெடுஞ்சாலைச் சுங்கத்தை 1,000 யென்னாகக் குறைத்தபோது, பாலம் கடந்து வந்த கார்கள் வயல் வரப்புச் சாலைகளில் நீண்டு நின்றன.

பட்டறைக்காரர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. விடிகாலை மூன்று நான்கு மணிக்கு எழுந்து, நூறு இருநூறு பேருக்குக் கையால் மிதித்துச் செய்து பழகியவர்களின் வாசலில் ஒரே நாளில் அதைப்போல் பல மடங்கு ஆட்கள். பலர் வாகன நிறுத்தம் கட்டினார்கள், கட்டடத்தை நீட்டினார்கள், பலகையும் மாட்டினார்கள். ஆனால் மாவு தீர்ந்தால் கடையைச் சாத்துவது என்ற வழக்கத்தைப் பெரும்பாலோர் விடவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். வெகுதூரம் வந்தவர் ஏமாந்து திரும்புவார் என்பது தெரிந்தும், நேற்றைய பந்தைச் சூடேற்றிக் கொடுக்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை.

மழையில் தொடங்கிய கதை மழைக்கே திரும்பி வருகிறது. கொப்பரை கொப்பரையாகக் கொதிநீர், அதைவிட அதிகமாக அலசும் நீர்; உடோன் தண்ணீரைக் குடிக்கும் தொழில். 1970களின் நடுவில் மலைக்கு அப்பாலிருந்து யொஷினோ ஆற்றின் தண்ணீரைச் சுரங்கமும் வாய்க்காலும் வழியாகக் ககாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரும் 1994 கோடையில் கைவிட்டது. அந்த ஆற்றின் சமெஉரா அணையில் பயன்பாட்டு நீர் வற்றியது. தகாமட்சுவில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர். உடோன் கடைகள் நேரத்தைச் சுருக்கின, சில கதவைச் சாத்தின. ஏரிகளை மறந்துவிட்டோமே என்ற பேச்சு அந்தக் கோடையில் ஊரெங்கும் கேட்டது. விளைநிலத்துக்குத் தண்ணீர் விடுவதில் பழைய முறைவைப்பை மறுபடி கையிலெடுத்தார்கள்.

2011-இல் மாகாண அரசு தன்னை ‘உடோன் மாகாணம்’ என்று அழைத்துக்கொண்டு விளம்பரம் செய்தது. மறுபக்கம், சர்க்கரை நோய் அதிகம் உள்ள மாகாணம் என்பதால், உடோனுக்கு முன் ஒரு தட்டு காய்கறி சாப்பிடுங்கள் என்று அதே அரசின் சுகாதாரத் துறை சொல்லிக்கொண்டிருக்கிறது. 2012-இல் தகாமட்சுவில் இன்னொரு முயற்சி தொடங்கியது. கடைகளிலும் ஆலைகளிலும் மிஞ்சி வீணாகும் உடோனைச் சேகரித்து எரிபொருளாக்கி, எஞ்சும் கசடை எருவாகக் கோதுமை வயலுக்குத் திருப்பி அனுப்புவது. அந்த எருவில் விளைந்த கோதுமையிலிருந்து மறுபடி உடோன் பிசைந்து பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். திதி விருந்தில் ஒரு இழைகூட வீணாக்காத பாட்டிகளின் பேரன்கள் செய்யும் வேலை அது.

பழைய பட்டறைகளில் பல இப்போது இல்லை. மிதித்துப் பழகிய கால்கள் ஓய்ந்தன, பிள்ளைகள் நகரத்தில். கொதொஹிரா பக்கம் மியதகே என்ற கடை 2009-இல் மூடப்பட்டது. கையால் பிசைந்து, வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து அதற்கேற்ப வெட்டி வேகவைத்த இடம். நூடுல்ஸும் சூப்பும் எப்படி வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்லும் முறை அங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவியது. ‘ஹியா’ என்றால் குளிர்ந்தது, ‘அத்சு’ என்றால் சூடானது. முதல் சொல் நூடுல்ஸுக்கு, இரண்டாவது சூப்புக்கு. குளிர்ந்த நீரில் அலசி இறுகிய நூடுல்ஸின் மேல் சுடும் நெத்திலி சூப்பை ஊற்றினால், வெளியே இளகி உள்ளே விறைப்பாக நிற்கும். மியதகேயின் கதவு சாத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் இன்றும் ககாவாவின் பல கடைகளில் நுழைந்து ‘ஹியாஅத்சு, சின்னது’ என்று சொன்னாலும், கொப்பரையருகே நிற்பவர் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு பந்தை எடுத்துக் கிண்ணத்தில் போடுகிறார்.